பின்பாட்டு

என் அப்பாவுக்குப் பாதி ஜெபம்தான் தெரியும். அம்மா போய், முப்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகுதான் அது எனக்குத் தெரியவந்தது.

அதுவரை வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் ஊர் கன்னிவாடியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. சாவு நடந்த வீட்டைத் தனியாக விடக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் மாலைதோறும் வந்து ஜெபமாலை சொன்னார்கள். சிலர் அங்கேயே படுத்துக்கொண்டார்கள். பூசை முடிந்த மறுநாள் அவரவர் பாய் அவரவர் வீட்டுக்குப் போயிற்று. நானும் திண்டுக்கல்லுக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு கல்லூரியில் எனக்குக் கௌரவ விரிவுரையாளர் வேலை. தோல் மண்டிக்காரர் ஒருவர் வீட்டு மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா குளித்து, வேட்டி மாற்றி, மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார். பாயை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் அடுப்படியில் ரசம் கூட்டிக்கொண்டிருந்தேன். ரசம் நுரை கட்டி இறக்கியும் ஆயிற்று, ஜெபச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், கைகளைக் கூப்பியபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

“என்னப்பா, ஜெபம் சொல்லலையா?”

“சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“எடுக்கத் தெரியலையே தாயி” என்றார். “யாராச்சும் எடுத்துக் குடுத்தா சொல்லிருவேன்.”

எங்கள் வீட்டில் எடுத்துச் சொல்வது அம்மா, பதில் சொல்வது அப்பா. ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் முன்பாதி அவளுடையது, பின்பாதி அவருடையது. எல்லாம் முடிந்து கடைசியில் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் சொல்வார்கள். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு நன்றி. ஒவ்வொரு நன்றிக்கும் பிறகு ஒரே பதில்தான் வரும். கோயில் புத்தகத்தில் அந்தப் பதில் வேறு மாதிரி அச்சாகியிருக்கும். எங்கள் வீட்டில் அது ‘தீராதே அவர் இரக்கம்’. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் பூப்பறிக்கப் போன தோட்டத்தில் யாரோ சொல்லக் காதால் கேட்டுப் பிடித்த சங்கீதம் அது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வரியைச் சொல்ல, அப்பா இரக்கத்தைச் சொன்னார். முன்வரி ஒருநாள்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஊரில் இதை வைத்துக் கேலி உண்டு. பொண்டாட்டிக்குப் பின்பாட்டு பாடுகிறவர் என்று அப்பாவுக்குப் பெயர். டீக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஆரம்பிப்பார்கள்.

“என்ன மாமா, இன்னைக்குப் பின்பாட்டு முடிஞ்சுச்சா?”

“முடிஞ்சுச்சுய்யா. ஒன் வீட்டுல தெனம் முன்பாட்டு மட்டுந்தான் கேக்குது, அதுவும் தெரு முனை வரைக்கும்” என்பார் அப்பா. கேட்டவன் மனைவியோடு சண்டை போடுவது ஊருக்கே தெரியும். டீக்கடை சிரிக்கும்.

அம்மாவின் முன்வரிகள் எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. நான் படிக்கிற பிள்ளை என்பதால் எனக்கு ஜெபத்திலிருந்து விடுதலை கொடுத்திருந்தார்கள். “நீ போயிப் படி, ஒனக்கும் சேத்து நாங்க சொல்லிக்கிறோம்” என்று அம்மா என்னை அடுப்படி விளக்குக்கு அனுப்பிவிடுவாள். என் படிப்பு கெடக்கூடாதென்று குரலையும் தாழ்த்திக்கொள்வாள். ஆகவே எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு முணுமுணுப்பு, பிறகு அப்பாவின் கனத்த பதில், மறுபடி முணுமுணுப்பு. அந்தச் சத்தத்தில்தான் நான் பத்தாம் வகுப்புக் கணக்கைப் போட்டேன், பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றை நெட்டுருப் போட்டேன். எங்கள் வம்சத்தில் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கல்லூரியில் மற்றவர்கள் தாத்தா ஆசிரியர், பெரியப்பா தாசில்தார் என்று பேசும்போது, என் வீட்டில் நான்தான் தொடக்கம் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பேன். நிமிர்ந்து நடக்கிறவளோடு கூட நடக்க அதிகம் பேர் வருவதில்லை. அது வேறு விஷயம்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்திருப்பது பழங்காலத்திலும் இடைக்காலத்திலும் யூதர்கள் சங்கீதங்களை ஜெபத்தில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது. ஊர்க் கோயிலில் உபதேசியார், அதாவது பங்குச் சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர், என் தலைப்பைக் கேட்டுவிட்டு, “யூதங்களப் பத்தியா? ஆண்டவரைச் சிலுவையில அறையச் சொன்னவங்களாச்சேம்மா?” என்றார். “ஆண்டவரும் யூதர்தான் ஐயா. கடைசி ராத்திரி சாப்ட்டு முடிச்சுட்டு அவரும் இந்தச் சங்கீதங்களைத்தான் பாடியிருப்பாரு” என்றேன். அவர் யோசித்துக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற அப்பா மட்டும் விடவில்லை.

“அன்னைக்கு யாரு எடுத்துக் குடுத்தது?”

“அது எழுதி வைக்கலப்பா.”

“அதத்தான எழுதணும்” என்றார்.

அந்தக் கேள்விதான் பிற்பாடு என் ஆய்வின் இரண்டாம் அதிகாரமாயிற்று. எருசலேம் கோயிலில் பாடகர்கள் சங்கீதம் பாடினார்கள். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று முறை இருந்தது. கோயில் இடிந்த பிறகு அது ஜெபக்கூடங்களுக்கு வந்தது. கையால் எழுதிய ஏட்டுக்கு விலை அதிகம், எல்லார் கையிலும் இருக்காது. ஒருவர் நின்று சொல்வார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். எப்படிச் சொல்வது என்பதில் அவர்களுடைய வேத அறிஞர்களான ரபிமாருக்குள் விவாதம் நடந்திருக்கிறது. முதலடியை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னால் போதுமா, அல்லேலூயா என்றால் போதுமா, சொன்னதைச் சொல் பிசகாமல் சொல்ல வேண்டுமா, பாதி அவர் பாதி இவர் என்று பிரித்துக்கொள்ளலாமா? எபிரேயத்தில் பதில் சொல்வதற்கு ‘ஆனா’ என்று ஒரு வினை. பாடுவதற்கும் சில இடங்களில் அதே சொல்தான். இதைச் சொன்னபோது அப்பா, “எனக்கு ஆனா ஆவன்னாவே தெரியாது. அங்க போயும் ஆனாவா?” என்று சிரித்தார். அம்மா போனபின் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அம்மாவின் சங்கீதத்துக்கும் யூதர்களிடம் தனிப் பெயர் உண்டு. பெரிய துதி என்பார்கள். ஓய்வுநாள் காலையிலும் பாஸ்கா பண்டிகை இரவு விருந்திலும் அதைச் சொல்கிறார்கள். முன்பு ஓர் ஊரில் மழைக்காக உண்ணாநோன்பு அறிவித்திருக்கிறார்கள். உச்சிவேளைக்கு முன்பே மழை கொட்டிவிட்டது. போய்ச் சாப்பிடுங்கள், குடியுங்கள், கொண்டாடுங்கள் என்று பெரியவர் அனுப்பிவிட்டார். எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அந்தி சாயும் நேரத்தில் திரும்பி வந்து இந்தச் சங்கீதத்தைச் சொன்னார்கள். எல்லா உயிருக்கும் சோறு போடுகிறவர் என்று ஒரு வரி அதில் வருகிறதே, அதனால்தான் இதற்கு இத்தனை மதிப்பு என்று ஒருவர் விளக்கம் சொல்லியிருக்கிறார். இந்தக் கதை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. “சாப்ட்டுட்டு வந்து சொன்னாங்களா? வெவரமான ஆளுகதான்” என்றார்.

ஆனால் வெறும் கதை சொல்லி அவரைத் தேற்ற முடியாது. தினமும் அந்தி நேரத்தில் அவர் மெழுகுவத்தியைக் கொளுத்திவிட்டு வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எழுபதைத் தொடப்போகிறவர். பகலில் தக்காளிக்கும் அவரைக்கும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு எப்படியோ ஓட்டிவிடுவார். இருட்டும்போது பேச ஒரே ஒரு ஆள் கடவுள்தான். அவரிடமும் பேச்சைத் தொடங்கத் தெரியவில்லை. அம்மாவின் வருஷ நினைவுக்கு எங்கள் அன்பியம் வீட்டுக்கு வருவதாக முடிவானது. அன்பியம் என்பது எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வீடு வீடாகக் கூடி ஜெபிக்கிற கூட்டம். “நான் சங்கீதத்த வாசிச்சர்றேன், நீங்க பதில் சொன்னாப் போதும்” என்று உபதேசியார் நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“அவ வருசத்துக்கு நாந்தான் எடுக்கணும். நீ சொல்லிக் குடு தாயி” என்றார் என்னிடம்.

ஆகவே தினமும் கல்லூரி விட்டு வந்ததும் போன் செய்தேன். நான் ஒரு வரி சொல்வேன், அவர் அதைத் திருப்பிச் சொல்வார், பிறகு தானே பதிலையும் சொல்வார். எங்கள் ஊரில் சிக்னல் மலையைப் பார்த்து நின்றால்தான் தெளிவாக வரும். அப்பா தொழுவத்துப் பக்கம் நின்றுகொண்டு, சூரியனைப் படைத்தவருக்கு நன்றி, தீராதே அவர் இரக்கம் என்பார். நடுவே மாட்டையும் அதட்டுவார். “ஏய், நில்லு!” என்பதும் சங்கீதத்தோடு சேர்ந்து வரும். சில நாள் இணைப்பு அறுந்துவிடும். மறுபடி கிடைக்கும்போது, விட்ட இடத்திலேயே நின்று அதே வரியைச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒருநாள் துணி எடுக்க மாடிக்கு வந்த வீட்டுக்காரம்மா கதவருகே நின்றுவிட்டார். நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

“போன்ல யாருக்கு டீச்சர் பாடம்?”

“எங்கப்பாவுக்கு மாமி. சங்கீதம் சொல்லிக் குடுக்குறேன். தாவீது ராஜா பாடுனது.”

“தாவூது நபியா? அப்ப சபூருன்னு சொல்லு! எங்க வேதத்துல அதப் பத்தி வருது. ஆனா ஓதிக் கேட்டதில்ல. எங்க, அவுங்க பாஷையில ஒரு வரி சொல்லு.”

சொன்னேன். மாமி காதைச் சாய்த்துக் கேட்டார்.

“அரபி மாதிரியேதான் இருக்கு. ஆனா ஒண்ணும் புரியமாட்டேங்குது.”

“அரபி மட்டும் புரியுமா மாமி?”

“அட போ புள்ள. பள்ளிவாசல்ல ஹஜ்ரத்து துஆ கேப்பாரு. எங்க ஆமீன் சொல்லணுங்குறது மட்டும் தெரியும். அம்புட்டுத்தான்” என்று சிரித்தபடி துணியை அள்ளிக்கொண்டு இறங்கினார்.

அவர் போனபின் அறை மறுபடி அமைதியாயிற்று. எபிரேயத்தை நான் தனியாகக் கற்றேன். இணையத்தில் கேட்டு, கண்ணாடி முன் நின்று தொண்டையிலிருந்து எழுத்துகளை எழுப்பிப் பழகினேன். திண்டுக்கல்லில் அதைக் கேட்டு, சரி என்றோ தப்பு என்றோ சொல்ல ஓர் ஆள் இல்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் அதிகாரத்தின் பக்க எண்ணிக்கையைத்தான் கேட்பார். அன்று நான் ஒரு யூதச் சங்கீதத்தின் வரியை உரக்கச் சொல்ல, இன்னொரு மனிதப்பிறவி காது கொடுத்துக் கேட்டது. இதற்கே கொஞ்ச நேரம் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம்தான் யூதர்களின் பழைய சட்டத்தொகுப்பில் ஒரு விதியைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தேன். துதிச் சங்கீதங்களை ஒருவனுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் பிறர் வாசிக்கலாம். வளர்ந்த ஆண் வாசித்தால், கேட்பவன் அல்லேலூயா என்று பதில் சொன்னால் போதும். அடிமையோ பெண்ணோ சிறுபிள்ளையோ வாசித்தால் போதாது. அவர்கள் சொன்னதையெல்லாம் சொல்லுக்குச் சொல் அவனே திருப்பிச் சொல்லியாக வேண்டும். அப்புறம் ஒரு சின்னச் சேர்க்கை: அவனுக்குச் சாபம் வரட்டும். கற்றுக்கொள்ளாமல் விட்டதற்காக.

பேனாவை வைத்துவிட்டேன். பல நூற்றாண்டுக்கு முன்பு வேறெங்கோ யாரோ எழுதியது. ஆனாலும் அப்பாவைத் தொழுவத்துப் பக்கத்தில் நிறுத்தி, என்னை மாடி அறையில் நிறுத்தி எழுதியது போலவே இருந்தது. நான் ஒரு பெண். நான் வாசிக்கிறேன். அவர் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்கிறார். சாபம் அவருக்கு. எந்தப் பள்ளிக்கூடம் அவரை வாவென்று கூப்பிட்டது? எட்டு வயதில் அவர் கையில் இருந்தது மாட்டுக் கயிறு. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. செத்துப்போன ரபிமாரிடம் சண்டை போட முடியுமா? அதே ரபிமார் இன்னோரிடத்தில், வயலில் வேலை செய்கிறவர்கள் ஜெபக்கூடத்துக்கு வர முடியாததால், முன்னால் நின்று சொல்பவரின் ஜெபம் அவர்களையும் சேர்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் எழுதிக்கொண்டேன். கோபம் பாதிதான் தணிந்தது.

சாபத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் பாடம் வேறு இடத்தில் முட்டிக்கொண்டது. நான் கோயில் புத்தகத்தில் இருந்த வரிகளைத்தான் சொல்லிக் கொடுத்தேன். வானம், பூமி, சூரியன், சந்திரன் வரைக்கும் ஒழுங்காக வந்தார். எகிப்தைத் தாண்டி, வாயில் நுழையாத பெயர் கொண்ட ராஜாக்கள் வந்ததும் நின்றுவிட்டார்.

“இது யாரு புதுசா?”

“ராஜாக்கப்பா. கடவுள் தோக்கடிச்ச ராஜாக்க.”

“ஒங்கம்மா இவனுகளச் சொல்லமாட்டாளே. இந்த எடத்துல தக்காளி வரும்.”

“தக்காளியா?”

“ஆமா. ஒட்டஞ்சத்திரத்துல தக்காளிக்கு வெல குடுத்தவருக்கு நன்றி. அப்பறம் நான் சொல்லுவேன், தீராதே அவர் இரக்கம்னு.”

“அது சங்கீதத்துல இல்லப்பா.”

“இல்லாட்டி என்ன? வெல கெடச்சுச்சுல்ல!”

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் என் மேசைமேல் இருந்த மூன்றாம் அதிகாரமே அதைப் பற்றியதுதான். இடைக்காலத்தில் ஜெபக்கூடத்துக் கவிஞர்கள் இப்படித்தான் செய்தார்கள். தெரிந்த சங்கீதத்தின் பதிலை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவே தங்கள் வரிகளை நுழைத்தார்கள். தங்கள் ஊர் அழிந்ததையும் தாங்கள் பிழைத்ததையும் அதில் சொன்னார்கள். கூட்டம் பழைய பதிலையே சொல்லிற்று. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, பெயர் நினைவில் நில்லாத ராஜாக்களை இறக்கிவிட்டு, அவர்கள் இடத்தில் தக்காளியை ஏற்றியிருக்கிறாள்.

“வேற என்னல்லாம்ப்பா சொல்லுவாங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க” என்றேன். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்பா ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் சொன்னார். மலையின் காற்று போனில் இரைந்தது. கிணறு வற்றாததற்கு ஒரு வரி. செவலை நல்லபடியாகக் கன்று போட்டதற்கு ஒரு வரி. அவருக்குக் காய்ச்சல் விட்டதற்கு ஒரு வரி இருந்தது, அது சில காலம்தான் வந்தது, பிறகு எடுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

“எனக்கு அவ வரி எதுக்கு தாயி? அவ நிறுத்துனா நான் சொல்லணும். நான் நிறுத்துனா அவ சொல்லுவா. அதத்தான கவனிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார். பிறகு, “ஒன்னையும் ஒரு வரியில சொல்லுவா” என்றார்.

“என்னன்னு?”

“தெரியலயே. ஆனா ஒன் வரி வந்தா நான் கொஞ்சம் சத்தமாச் சொல்லுவேன்.”

கெய்ரோவில் ஒரு பழைய ஜெபக்கூடத்தின் ஏட்டறையில் கிடைத்த தாள்களின் படங்களை நான் இரவு பகலாகப் பார்த்திருக்கிறேன். கறைபட்ட, ஓரம் அரிக்கப்பட்ட தாள்கள். அவற்றில் ஒன்றில் இதே பெரிய துதியின் பதில் வருகிறது. எழுதியவர் வரிகளை முழுதாக எழுதிவிட்டு, பதிலுக்கு மட்டும் முதலெழுத்துகளைக் குறித்து விட்டுவிட்டார். பதில் எல்லாருக்கும் தெரியும், மையைச் செலவழிப்பானேன் என்று நினைத்திருப்பார். ஆகவே அங்கே முன்வரிகள் தப்பிப் பிழைத்தன. எங்கள் வீட்டில் தலைகீழ். பதில் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. முன்வரிகளை அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கெய்ரோக்காரன் எதற்கு நன்றி சொன்னான் என்று கேட்டால் என்னால் அடிக்குறிப்போடு பதில் சொல்ல முடியும். அடுத்த அறையில் அம்மா என்னைப் பற்றிச் சொன்ன ஒரு வரி எனக்குத் தெரியாது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. சமைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வருஷ நினைவு நாளன்று வெயில் தாழ அன்பியத்தார் வந்தார்கள். முற்றத்தில் தார்ப்பாய் விரித்திருந்தது. அம்மாவின் படத்துக்குக் கதம்ப மாலை. சுண்டலும் டீயும் தயாராக இருந்தன. உபதேசியார் சங்கீதத்தை அச்சடித்த தாள்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். அப்பாவுக்கும் ஒன்றை நீட்டினார். அப்பா அதை மரியாதைக்கு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் வரும் முன்பே நாங்கள் இருவரும் தொழுவத்துப் பக்கம் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தோம். அம்மாவின் மூன்று வரிகளையும் ராஜாக்களின் இடத்தில் சேர்த்திருந்தேன். நான் முதல் சொல்லைத் தொட்டுக் கொடுத்தால் முழு வரியும் வந்துவிட்டது.

ஜெபமாலை முடிந்தது. “இப்ப சங்கீதம். குடும்பத்தலைவர் ஆரம்பிப்பார்” என்றார் உபதேசியார்.

அப்பா எழுந்து நின்றார். படத்தைப் பார்த்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நான் முதல் சொல்லை உதட்டில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

“தீராதே அவர் இரக்கம்” என்றார் அப்பா.

பின்னாலிருந்து யாரோ, “மாமா வாலுலருந்து ஆரம்பிக்கிறாரு” என்று கிசுகிசுத்தார்கள். உபதேசியார் தாளைப் பார்த்து முதல் வரியை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அப்பா அவரை நோக்கிக் கையை உயர்த்தினார்.

“செத்த நேரம் இருங்க. அவ சொல்லட்டும்.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னது என்னைத்தான் என்று நானும் நினைத்தேன். வாயைத் திறந்து முதல் சொல்லைச் சொல்லப் போனேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. படத்தையும் பார்க்கவில்லை. தார்ப்பாயில் தனக்கு இடதுபுறம், ஜெபத்தில் அம்மா எப்போதும் உட்காரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு வரி சொல்லி முடிக்கும் நேரம் கழிந்தது.

“தீராதே அவர் இரக்கம்.”

மறுபடி அமைதி. மறுபடி பதில். உபதேசியார் தாளைத் தாழ்த்திக்கொண்டார். அம்மா வேகமாகப் பேசுகிறவள். அந்த அமைதிகளும் அதே வேகத்தில் கடந்தன. ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் நீண்டது. பதிலைச் சொல்வதற்கு முன்பு அப்பாவின் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. தக்காளியாக இருக்க வேண்டும். அந்த இடத்திலிருந்து கிழவிகள் இரண்டு பேர் அவரோடு சேர்ந்து பதில் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு தார்ப்பாய் முழுவதும். கோயில் புத்தகப் பதில் அல்ல, எங்கள் வீட்டுப் பதில்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பதில் மற்றவற்றைவிடச் சத்தமாக வருகிறது என்று பார்த்தேன். ஆனால் இத்தனை பேர் குரலில் அப்பாவின் குரல் தனியாகத் தெரியவில்லை. எல்லாப் பதிலும் ஒரே சத்தத்தில் வந்தது. என் வரி எப்போதோ கடந்துபோயிருக்கும்.

முடிந்தபின் உபதேசியார் அப்பாவின் தோளைத் தொட்டார். டீக்கடைக் கேலிக்காரர் சுண்டலை வாங்கிக்கொண்டே, “பின்பாட்டு இன்னைக்கு நல்லா இருந்துச்சு மாமா” என்றார். கேலியா நிஜமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. “எடுத்தவ நல்லா எடுத்தா” என்றார் அப்பா.

மறுநாள் காலை பஸ்ஸில் திண்டுக்கல் வந்தேன். நான்கு வகுப்புகள் எடுத்தேன். அறைக்கு வந்ததும் வழக்கம்போல முகம் கழுவி, தமிழ்த் தாளையும் எபிரேயப் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு போன் செய்தேன். அப்பா உடனே எடுத்தார். பின்னால் காற்று இல்லை, மாடு இல்லை. வீட்டுக்குள் இருந்தார்.

“சங்கீதம் சொல்லலாமாப்பா?”

“இப்பத்தான் தாயி முடிச்சோம்” என்றார். “நாங்க சொல்லிட்டோம். நீ சாப்டியா?”

“சாப்டேன்ப்பா” என்றேன்.

நாங்க என்றார். எபிரேயத்தில் நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் ஒரே சொல்தான். கேட்கிறவரையும் சேர்த்ததா, விட்டதா என்று மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு தடவையும் திணறியிருக்கிறேன். தமிழில் அந்தத் திணறல் இல்லை. அவர் சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்தது.

“சரி, வெளக்கப் போட்டுக்க. வச்சிரட்டா?” என்றார் அப்பா.

“வைங்கப்பா” என்றேன்.